பிளஸ் டூ பெற்றோருக்கு: அயல்மொழிப் பட்டப்படிப்பு குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேற்படிப்பு என்றதும் பொறியியல், நர்சிங், பி.காம். வரை பேசுகிறோம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிப் பட்டங்கள் நினைவுக்கே வருவதில்லை. மதிப்பெண்ணுக்காக பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்து, கட்டுரையை உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறப்பதோடு சரி. டெல்லி ஜேஎன்யு (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), ஹைதராபாத் இஃப்ளூ (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் இவை முழு பி.ஏ. படிப்புகள். அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாத பிள்ளையும் முதலாண்டில் சேரலாம்.

சேர்க்கை க்யூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்தப் படிப்புக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்று பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்த பிறகே க்யூட் படிவத்தில் பாடங்களைக் குறியுங்கள். ஒரு தாள் விட்டுப்போனால் மற்றதில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. க்யூட் எழுதியதோடு வேலை முடியாது. பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஜப்பானிய எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றும், உண்மைதான். வாக்கியம் அப்படியல்ல. ‘வதாஷி வா கோஹன் ஓ தபெமஸ்’: நான் சோற்றைச் சாப்பிடுகிறேன். சொல் வரிசை நம்முடையதே, வினை கடைசியில். அந்த ‘ஓ’ செய்வது நம் ‘ஐ’ உருபின் வேலை. ஜெர்மனில் வேற்றுமை நான்குதான். தமிழில் எட்டு வேற்றுமை படித்த பிள்ளைக்கு அது பெரிதல்ல. இடறுவது பாலில்: அங்கே மேசை ஆண்பால், சிறுமியோ ஆணுமில்லை பெண்ணுமில்லை. மேசைக்கு ‘டிஷ்’ என்று மட்டும் மனப்பாடம் செய்யாமல், ஆண்பாலைக் காட்டும் ‘டேர்’ சேர்த்து ‘டேர் டிஷ்’ என்றே படிக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறுவார்கள்.

‘மூன்றே மாதத்தில் பி1’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஏ1, ஏ2, பி1 என ஏறும் மொழித் தேர்ச்சி நிலைகளில் மூன்றாவது பி1. ஜெர்மனில் அதற்குக் குறைந்தது 350 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். தினம் இரண்டு என்றாலும் 175 நாள் ஆகிறது. ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்க்க விடுமுறையில் தொடக்க நிலையான ஏ1 போதும்; சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் ஜெர்மனுக்கும், அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சுக்கும் நடத்துகின்றன. ஜப்பானிய மொழியின் தொடக்க நிலைத் தேர்வான என்5-இல் 180-க்கு 80 தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 வராவிட்டால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. புத்தகத்தோடு நின்றுவிடாமல் தினமும் ஒலிப்பதிவு கேட்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள கொரிய, ஜப்பானிய ஆலைகளையும் மறக்க வேண்டாம்.

விருப்பமுள்ளோர் வெள்ளி மாலை 4 மணிக்குப் பிள்ளையோடு என் அறைக்கு வாருங்கள். க்யூட் படிவத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்