அந்த லிங்க்க நான் அமுக்க மாட்டேன் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டு விட்டு வந்துகினு இருக்கு. நேத்து ஃபோன்ல சொன்னியே, அந்த ஆன்லைன் கடையில நம்ம விவரமெல்லாம் திருடு போயிடுச்சி, பாஸ்வேர்ட மாத்த சொல்லி மெயில் வரும், வந்ததும் அதுல இருக்கற லிங்க்க அமுக்கி மாத்திடுங்கப்பான்னு, நான் மாட்டேன்னதும் "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்"னு சலிச்சிகினு வெச்சிட்ட. சந்தேகம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அது எதனாலன்னு நீ கேக்கவே இல்ல, அதான் எழுதறேன்.

மெயில் வந்திச்சி. ஒன்னு இல்ல, ரெண்டு. ரெண்டுலயும் அதே லோகோ, அதே கலர் பட்டன், ரெண்டுலயும் என் பேர் போட்டு வணக்கம். ஒன்னுல மட்டும் 24 மணி நேரத்துல மாத்தலன்னா அக்கவுண்ட் மூடிடுவோம்னு மிரட்டல். அந்த பட்டன் மேல அமுக்காம விரலை அப்படியே வெச்சிகினு இருந்தா அது எங்க போகுதுன்னு அட்ரஸ் காட்டும் இல்ல, பாத்தேன். முதல்ல கம்பெனி பேர், அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் கேள்விப்படாத என்னமோ ஒரு பேர், அதுக்கப்புறம்தான் டாட் காம். டாட் காமுக்கு ஒட்டி முன்னாடி இருக்கறவன்தான் வீட்டு ஓனர், முன்னாடி எத்தன பேர் வேணா எவன் வேணா எழுதிக்கலாம், அதனால இது ஃப்ராடுன்னு தெரிஞ்சி போச்சி. சரி இன்னொன்ன பாத்தா, அதுலயும் அந்த ஓனர் இடத்துல கம்பெனி பேர் இல்ல! நம்ம பக்கத்து வீட்டு பையன் சாஃப்ட்வேர்ல இருக்கான், அவன்கிட்ட காட்டினேன், இது நெஜ மெயிலா இருக்கலாம் அங்கிள், லட்சக்கணக்குல மெயில் அனுப்பணும்னா அதுக்குன்னு வேற கம்பெனிங்க இருக்கு, அவங்க மூலமா போனா யார் அமுக்கினாங்கன்னு கணக்கு எடுக்க லிங்க் இப்படித்தான் சுத்தி வளைச்சி இருக்கும்னான். எப்படி இருக்கு பாரு, நெஜமும் பொய் மாதிரியே இருக்கு. இத நான் வெறும் கண்ணால பாத்து கண்டுபிடிக்கணுமாம்.

நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கறப்போ ராணிப்பேட்டையில நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. நான் அப்போ தோல் பதனிடற டேனரியில கணக்கு பாத்துகினு இருந்தேன். பக்கத்து கம்பெனி ஒன்னு, பேர் வேணாம், இத்தாலி பார்ட்டிக்கு சரக்கு அனுப்பிட்டாங்க, கன்டெய்னர் சென்னை ஹார்பர விட்டு போயே போச்சி, பணம் மட்டும் வரல. கேட்டா அவன் "உங்க புது அக்கவுண்ட்ல அப்பவே போட்டுட்டோமே"ங்கறான். எந்த புது அக்கவுண்ட்? எவனோ மெயிலுக்குள்ள பூந்து ரெண்டு பேரும் பேசிக்கறத பொறுமையா படிச்சிகினே இருந்திருக்கான், பில் நம்பர், கப்பல் பேர், மேனேஜர் கடைசில போடற "வித் பெஸ்ட் விஷஸ்" வரைக்கும் அச்சு அசல். மெயில் ஐடியில எம் (m) வர்ற இடத்துல மட்டும் ஆர் (r), என் (n)னு ரெண்டு எழுத்து, சின்ன எழுத்துல ஒட்டி போட்டா எம் மாதிரியே தெரியும், இத்தாலிக்காரன் மட்டும் இல்ல, தெரிஞ்சப்புறமும் அத உத்து உத்து பாத்துதான் எங்களுக்கே பிடிபட்டுது. அன்னிலருந்து எங்க முதலாளி போட்ட ரூல் ஒன்னே ஒன்னு. அக்கவுண்ட் மாறுதுன்னு மெயில் வந்தா அதுக்கு ரிப்ளை போடாத, அதுல இருக்கற நம்பருக்கும் பேசாத, நம்ம டைரியில இருக்கற பழைய நம்பருக்கு போட்டு கேளு.

அதத்தான் இப்பவும் செஞ்சேன். மெயில மூடிட்டு, அந்த கடை அட்ரஸ நானே டைப் பண்ணி உள்ள போயி, பாஸ்வேர்ட் மறந்துடுச்சின்னு நானே கேட்டேன், உடனே ஒரு மெயில் வந்திச்சி, அந்த லிங்க்க அமுக்கினேன். நாம கேட்டு வர்றது வேற, கேக்காம வர்றது வேற. கேக்காம வந்தா எவனோ நம்ம மெயில் ஐடிய அங்க போட்டு பாத்திருக்கான்னும் இருக்கலாம், நம்ம மெயில் பெட்டி அவன் கையில இல்லாத வரைக்கும் அதால ஒன்னும் ஆகாது, அப்படியே விட்டுட வேண்டியதுதான்.

கம்பெனி பெரிய கம்பெனி, தப்பா அனுப்ப மாட்டான்னு சொல்ற பாரு. அமெரிக்காவுல ஈக்விஃபாக்ஸ்னு ஒரு கம்பெனி, கடன் வாங்கறவங்க ஜாதகத்தையே வெச்சிருக்கறவன். 2017-ல 14 கோடி பேருக்கு மேல விவரம் திருடு போச்சி. உங்க பேர் அதுல இருக்கான்னு பாத்துக்குங்கன்னு புதுசா ஒரு வெப்சைட் திறந்தான். ஒரு சாஃப்ட்வேர்காரர் அந்த பேர்ல இருக்கற வார்த்தைங்கள முன்ன பின்ன மாத்தி அதே மாதிரி இன்னொரு சைட் போட்டாரு, ஏமாத்த இல்ல, ஏமாத்தறது எவ்ளோ சுலபம்னு காட்ட. ஈக்விஃபாக்ஸ்காரனே தன் ட்விட்டர்ல ஜனங்கள அந்த போலி சைட்டுக்கு போங்கன்னு அனுப்பிட்டான், அதுவும் ஒரு வாட்டி இல்ல! தன் வீட்டு வாசல் அவனுக்கே தெரியல, என்ன சொல்ற?

இப்போ உன் விஷயம். எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தானே நீ வெச்சிருக்க, மறைக்காத, அம்மா சொன்னா. 2012-ல லிங்க்ட்இன்ல திருடு போனப்போ வெளிய வந்தது 65 லட்சம் பாஸ்வேர்ட்னாங்க, நாலு வருஷம் கழிச்சி 2016-ல பாத்தா 11 கோடிக்கு மேல மெயில் ஐடியும் பாஸ்வேர்டுமா விலைக்கு வந்திச்சி. வாங்கறவன் லிங்க்ட்இன்ல வேலை தேடவா வாங்கறான்? அதே ஐடி, அதே பாஸ்வேர்டு வேற எங்கெல்லாம் திறக்குதுன்னு மெஷின் வெச்சி வரிசையா போட்டு பாப்பான். அந்த கடை போனா போவுது, நாலு புடவை ஆர்டர்தான். உன் மெயில் திறந்துச்சின்னா பேங்க்ல இருந்து எல்லா ரீசெட்டும், அதான் பாஸ்வேர்ட் மாத்தற லிங்க், அங்கதான் வரும், அவனே கேட்டு அவனே வாங்கிப்பான். அதனால மெயிலுக்கு மட்டுமாவது எங்கயும் போடாத பாஸ்வேர்ட், கூடவே அந்த ரெண்டாவது பூட்டு, டூ ஸ்டெப்னு போட்டிருப்பான், பாஸ்வேர்ட் போட்டப்புறமும் ஃபோன்ல வர்ற நம்பர் மாதிரி இன்னொன்னு கேக்கும், அதையும் இன்னிக்கே ஆன் பண்ணு.

மாப்ளகிட்டயும் சொல்லு. பணம் ஏதாவது போயிருந்தா யோசிச்சிகினு நிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு உடனே அடிக்கணும், எவ்ளோ சீக்கிரம் சொல்றமோ அவ்ளோ நல்லது, நடுவுலயே பணத்த நிறுத்தி வெக்க பாப்பாங்க.

அடுத்த வாரம் காட்பாடியில இருந்து சித்தப்பா அங்க வர்றாரு, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா குடுத்து அனுப்பறேன்னு அம்மா சொல்றா, வந்த அன்னிக்கே சமைச்சிடு. பாஸ்வேர்ட மாத்தினதும் ஒரு ஃபோன் பண்ணு. புதுசு என்னன்னு எங்கிட்ட கூட சொல்ல வேணாம்.

இப்படிக்கு,
அப்பா