துருக்கி மொழி வாசிக்க ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சுவடிப் பிரிவில் பாரசீகம் தெரிந்தவர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. என் மூன்று மனுக்களும் உங்கள் கோப்பில் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் ஒரு கட்டு வந்தது. அட்டையில் 'பாரசீகம், வரலாறு' என்றிருந்தது. பிரித்தால் வரிக்கு வரி 'போல்தி', 'கில்தி' என்று முடிகிறது. பாரசீகமென்றால் 'ஷுத்', 'கர்த்' என்றல்லவா வரவேண்டும்? இது சகதாய் துருக்கி, பாபர் தன் வாழ்க்கையை எழுதிய மொழி. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் யாரோ பாரசீகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஏடுகளும் கலைந்திருந்தன. ஒவ்வோர் ஏட்டின் அடியிலும் அடுத்த ஏட்டின் முதல் சொல் எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர் அரைநாளில் அடுக்கிவிடுவார். "எங்களுக்கு அது கோடு கோடாத்தான் தெரியுது சார்" என்றார் அங்கிருந்த தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆளைப் போடாதது நீங்கள்.

அனெட் பெவரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன். 1872இல் பெண்கல்விக்காகக் கல்கத்தா வந்தவர். ஐம்பதைத் தாண்டியபின் பாரசீகம் படித்து, 1902இல் பாபரின் மகள் குல்பதன் பேகம் தன் அண்ணன் ஹுமாயூனைப் பற்றி எழுதிய ஹுமாயூன் நாமாவை மொழிபெயர்த்தார். அப்புறம் துருக்கி. பாபரின் தன்வரலாறான பாபர் நாமாவுக்கு அக்பர் காலத்திலேயே அவர் அவையிலிருந்த அப்துர் ரஹீம் செய்த பாரசீக மொழிபெயர்ப்பு இருந்தும், பாபரின் சொந்தச் சொல்லே வேண்டும் என்று நின்றார். ஐதராபாத்தில் சாலார் ஜங் நூலகத்திலிருந்த துருக்கிப் பிரதியை 1905இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். அதை வைத்து அவர் செய்த ஆங்கில பாபர் நாமா நூலாக முழுமை பெற்றபோது 1922. அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. அந்தப் பிரதியும் பாரசீகக் கட்டுகளுக்கு நடுவே கலைந்து கிடந்திருந்தால் அவர் எதை வைத்து உழைத்திருப்பார்?

முகப்பு விளக்குக்கும் கண்ணாடிக் கதவுக்கும் பணம் கிடைக்கிறது. சுவடி வாசிக்கிறவருக்குச் சம்பளம் என்றால் மட்டும் நிதியில்லை என்கிறீர்கள். இந்த மொழிகளைப் படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. பாரசீகமும் துருக்கியும் வாசிக்கத் தெரிந்த ஒருவரை நியமியுங்கள் என்று பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். நிரந்தரப் பணி உடனே முடியாதென்றால் ஓராண்டு ஒப்பந்தத்திலாவது போடுங்கள். அவர் வரும்வரை தயவுசெய்து அந்தக் கட்டை பைண்டிங்குக்கு அனுப்பிவிடாதீர்கள். கலைந்த வரிசையிலேயே தைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூலக வாசகன்