சுமதிக்கு, டொராண்டோவிலிருந்து

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். முழங்கால் வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏறுகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மனநோய் மட்டுமே உள்ளவர்கள் டாக்டர் உதவியோடு உயிரை விட அனுமதிக்கலாமா என்பதில் கனடா ஏன் இத்தனை வருடம் இழுத்தடிக்கிறது என்று கேட்டிருந்தாய். இங்கே 2016இல் சட்டம் வந்தபோது சாவு நெருங்கிவிட்டவர்களுக்குத்தான் அது. 2019இல் கியூபெக் நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது, 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள், மனநோய் மட்டும் உள்ளவர்களை அப்போதைக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். 2023இல் அந்தத் தடை முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் தள்ளி, அப்புறம் 2027 மார்ச் 17 வரை தள்ளிவிட்டார்கள்.

நான் வேண்டாம் என்கிற பக்கம்தான். இனிக் குணமாகாது என்று டாக்டர் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம், ஆனால் புற்றுநோய் பரவியதை ஸ்கேனில் பார்ப்பது போல மனச்சோர்வில் பார்க்க எதுவும் இல்லை, மனநல டாக்டர்களே இதில் இரண்டுபட்டு நிற்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், எனக்கு இனி விடிவே இல்லை என்று நினைக்க வைப்பதே அந்த நோயின் வேலை. என் சித்தி பல வருடம் அப்படித்தான் பேசினார், யார் கையெழுத்துக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பார். மருந்தை மாற்றி, மின் அதிர்வு சிகிச்சையும் கொடுத்த பிறகு மெல்ல எழுந்து வந்தார், இப்போது பேரனைப் பள்ளியில் விட்டு வருவது அவர்தான்.

எல்லாரும் அப்படி மீள்வதில்லை என்பதும் தெரியும். நெதர்லாந்தில் 2024இல் நடந்த 9,958 கருணைக்கொலைகளில் 219 மனநோய்க்காக. என் வலி மட்டும் வலி இல்லையா என்று அவர்கள் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை, சுமதி. ஆனால் இங்கே மனநல டாக்டரைப் பார்க்கவே பல மாதம் காத்திருக்கிறவர்கள் உண்டு, சாவு நெருங்காதவரின் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சட்டம் கேட்பதோ குறைந்தது 90 நாள்தான். சிகிச்சைக்கு முன்பே சாவு கிடைத்துவிடும் என்ற நிலையை என்னால் ஏற்க முடியவில்லை.

உன் தம்பி மருந்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாயே, மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனாயா? அவன் வர மறுத்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் கொடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
வாசுகி