கவிதையைக் கவனித்துக் கேட்க நாலு பேர்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கவிதை எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிழைப்பு வேறாக இருக்கிறது. ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவன அதிகாரி, வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் மருத்துவர். கவிதை சோறு போடாது என்று தெரிந்துதான் எல்லோரும் எழுத வருகிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. எழுதியதை யாராவது படித்தார்களா என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. இதழுக்கு அனுப்பினால் பதில் வராது. வீட்டிலும் நண்பர்களிடமும் காட்டினால் 'நல்லா இருக்கு' என்பார்கள், எந்த வரி என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். கைக்காசு போட்டுத் தொகுப்புக் கொண்டுவந்தால் பாதிக் கட்டு பிரிக்காமலே கிடக்கும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த சிலர் இப்படியே ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் வாசிப்பு வட்டம் இதற்காகத்தான் தொடங்கியது. மாதம் ஒருமுறை கூடுகிறோம். கவிதைகளைப் பெயர் போடாமல் நகலெடுத்து எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவோம். எழுதியவர் வாசிக்கக் கூடாது, இன்னொருவர்தான் வாசிப்பார். தன் கவிதை அடுத்தவர் குரலில் வரும்போது எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல் சும்மா நிற்கிறது என்பது எழுதியவருக்கே கேட்டுவிடும். இரண்டாவது முறை வாசித்த பிறகுதான் பேச்சு. எந்த வரியில் நின்றீர்கள், எங்கே கவனம் நழுவியது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவான பாராட்டுக்கு இங்கே இடமில்லை. எழுதியவர் கடைசிவரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு அப்புறம் பேசுவார், விரும்பினால். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்து உட்காருகிறவர்கள் எங்களில் உண்டு. அடுத்த மாதம் அதே கவிதை நாலு வரி குறைந்து திரும்பி வரும்போது அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கவிஞனுக்கு இந்தக் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதைப் புறநானூற்றின் 208-ஆம் பாட்டில் பார்க்கலாம். அதியமான் நேரில் காணாமல் பரிசு கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் வாங்க மறுத்தார். 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்றார். என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்பதும் அதே பாட்டில் இருக்கிறது.

சரி, பிறகு எதற்குப் பணம்? கவனம் செலுத்துவதற்கும் செலவாகிறது. கூடும் அறைக்கு வாடகை, நகலெடுக்கும் செலவு எல்லாவற்றையும் இதுவரை எங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டோம். தினக்கூலி வேலையில் இருப்பவர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். தூரத்திலிருந்து வருகிறவருக்குப் பயணச் செலவும் சேரும். இவர்கள் வராமல் போனால் வட்டம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகிவிடும், அதில் எங்களுக்குச் சம்மதமில்லை. ஆகவே வருகிற பணத்தில் முதல் பங்கு இவர்களுக்கு.

அடுத்தது, முதல் தொகுப்பைத் தயாரித்துக்கொண்டிருப்பவர்களின் கையெழுத்துப் பிரதியை அனுபவமுள்ள ஒரு கவிஞர் முழுதாகப் படித்து, விரிவாகக் கடிதம் எழுதித் தர வேண்டும். நல்ல வாசகர் வாரக்கணக்கில் செய்கிற உழைப்பு இது. அன்புக்காகச் செய்யுங்கள் என்று ஒருவரை எத்தனை முறை கேட்பது? அவருக்கு ஊதியம் தர விரும்புகிறோம். ஆண்டுக்கொரு தொகை நூலும் திட்டத்தில் இருக்கிறது. அதில் இடம்பெறும் ஒவ்வொரு கவிதைக்கும் சிறு தொகையாவது கொடுப்போம். எழுதியவரே காசு கொடுத்துத் தன் கவிதையை அச்சில் பார்க்கும் வழக்கத்தை நம் அளவிலாவது நிறுத்தியாக வேண்டும்.

1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். தமிழ்ப் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்தப் பக்கங்களில்தான். ஆனால் அதற்கான சுமை பெரும்பாலும் ஒரே மனிதரின் தோளில் இருந்தது, புத்தகங்களைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. சிகாகோவில் ஹாரியட் மன்றோ 1912-இல் 'போயட்ரி' இதழைத் தொடங்குமுன், ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள் தருவதாகச் சுமார் 100 பேரிடம் வாக்குறுதி வாங்கினார். அதனால் கவிஞர்களுக்குச் சன்மானம் கொடுத்தே நடத்த முடிந்தது. அப்போது அதிகம் அறியப்படாதிருந்த டி. எஸ். எலியட்டின் முக்கியமான முதல் கவிதை 1915-இல் அதில்தான் வந்தது. ஒருவரே சுமந்து தேய்வதைவிடப் பலர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்குவது நல்லது என்று நினைக்கிறோம்.

எனவே தொகை இவ்வளவு என்று நாங்கள் குறிக்கவில்லை. ஒரே தடவையில் பெரிதாகத் தருவதைக் காட்டிலும், மாதாமாதம் உங்களுக்குச் சிரமமில்லாத அளவில் தருவது எங்களுக்கு அதிகம் உதவும். அடுத்த ஆண்டு எத்தனை பிரதிகளைப் படித்துத் தர முடியும் என்று முன்கூட்டியே சொல்ல அப்போதுதான் முடியும். பணம் தர முடியாதவர்கள் மெய்ப்புத் திருத்தித் தரலாம், நாங்கள் கூடுவதற்கு வசதியான இடம் கொடுக்கலாம்.

நன்கொடை தந்தவர் என்பதற்காக யாருடைய கவிதையும் தொகை நூலில் சேராது. தேர்வு செய்பவர்களுக்குக் கொடையாளர் பட்டியலைக் காட்ட மாட்டோம். மற்றபடி, தருகிற ஒவ்வொருவரும் எந்த மாதக் கூட்டத்துக்கும் வந்து உட்காரலாம், நகல் உங்கள் கைக்கும் வரும், எந்த வரியில் நின்றீர்கள் என்று உங்களையும் கேட்போம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டத்தில் வாசித்துவிட்டு, வர முடியாதவர்களுக்கு எழுதி அனுப்புவோம்.

இப்படிக்கு,
வாசிப்பு வட்டத்தின் நிதிக் குழு