பதிவு விரிவுரைகளும் வரலாற்றுப் பாடமும்

ஆசிரியர் அவர்கட்கு,

வீட்டிலிருந்தே சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குப் பதிவுசெய்யப்பட்ட விரிவுரைகள் வரலாறு கற்க நல்ல துணை. எனினும், பிள்ளையை அதன்முன் இருத்திவிட்டுப் பெற்றோர் எழுந்து போவது கற்பித்தல் ஆகாது.

1803இல் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதை விரிவுரை ஒரே வரியில் கடந்து சென்றால், அங்கே பதிவை நிறுத்தி, அவ்வாண்டு ஒக்ரோபர் 31இல் அவன் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதைக் குறித்துக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லின் வாசகத்தைப் பிள்ளைக்குக் காட்டி, அது யாருடைய பார்வையில் எழுதப்பட்டது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்க வேண்டும். விடையைப் பிள்ளை அரைப் பக்கமாவது எழுதட்டும்; கேட்டதை எழுதிப் பழகாதவர் கட்டுரை வினாவில் தடுமாறுவர்.

பெற்றோர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.