சம்மர் கிளாஸ டியூஷன்னு நெனச்சுடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவுல டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் படிப்புக்கு நம்ம பசங்க எப்படி ரெடி ஆகுறாங்கன்னு நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு. ஆனா கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷ அரசு காலேஜ்) பத்தி மட்டும் செலவு கம்மி, லீவுலயே முடிச்சிடலாம்னு ஒத்த வரியில தாண்டிப் போயிட்டீங்க. கலிபோர்னியாவுல நிறைய பேர் இத நம்பித்தான் புள்ளைங்கள சேத்துவிடுறாங்க, அதான் எழுதுறேன்.

செலவு கம்மிங்கறது நெசம். இந்த ஸ்டேட்ல குடியிருக்கறவங்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தோட அளவ யூனிட்லதான் சொல்வாங்க) 46 டாலர், நாலு யூனிட் கிளாஸ்னா 184, அதுக்கு மேல சில்லறை ஃபீஸும் புக்கும். எச்-4 விசாவுல (எச்-1பி வேலை விசாக்காரங்களோட குடும்பத்துக்கு குடுக்கறது) வந்த பொண்ணுங்க பல பேர் நர்சிங்குக்கு வேண்டிய அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் இப்படித்தான் முடிக்கிறாங்க, நானும் அப்படி படிச்சவதான், சொல்லிக்குடுக்கறதுல ஒரு குறையும் கெடையாது. (கம்யூனிட்டி காலேஜான்னு மூஞ்ச சுளிக்கிற சொந்தக்காரங்கள விடுங்க, அவங்களுக்கு எதச் சொன்னாலும் அப்படித்தான்.)

லீவுல முடிச்சிடலாம்ங்கறதுதான் இடிக்குது. 16, 18 வாரம் நடத்துற செமஸ்டர சம்மர்ல 6 இல்லன்னா 8 வாரத்துல நடத்துவாங்க, சிலபஸ்ல எதையும் வெட்ட மாட்டாங்க. லேபோட சேந்த அனாடமிய 6 வாரத்துல எடுத்தா காலைல லெக்சர், மத்தியானம் லேப், ராத்திரி உக்காந்து எலும்பு பேரா மனப்பாடம், ரெண்டு மூணு நாள் காய்ச்சல்ல படுத்தா செமஸ்டர் கணக்குல ரெண்டு வாரப் பாடம் போச்சு. டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது காலேஜ் மார்க் பட்டியல்ல, டபிள்யூ (பாதியில விட்டதுக்கான குறி) விழாம வெளிய வர்றதுக்கான கடைசி தேதியும் சீக்கிரமே வந்துடும், சில சமயம் மொத டெஸ்ட் மார்க் கைக்கு வர்றதுக்குள்ளயே. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, இங்கிலீஷ் இதெல்லாம் சம்மர்ல தாராளமா எடுக்கலாம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ரெண்டு பார்ட்டையும் ஒரே சம்மர்ல அடுத்தடுத்து முடிக்கணும்னு புள்ளைய தள்ளிவிடறது எனக்கு சரியா படல.

இதவிட பெரிய விஷயம் ஹைஸ்கூல் பசங்க. அவங்களுக்கு பெரும்பாலும் யூனிட் ஃபீஸே கெடையாது, அதனால நம்ம ஊர்ல லீவு விட்டா டியூஷனுக்கு அனுப்புற மாதிரி பத்தாவது படிக்கிற புள்ளைய காலேஜ் கெமிஸ்ட்ரியில போட்டுடறாங்க, வந்தா வருது வராட்டி போகுதுன்னு. ஆனா அது நெஜமான காலேஜ் மார்க்குங்க. பின்னாடி எம்டி (இங்க டாக்டர் ஆகுறதுக்கான பட்டம்) படிப்புக்கு ஏஎம்சிஏஎஸ்ங்கற பொது விண்ணப்ப சேவை வழியா அப்ளை பண்ணும்போது படிச்ச ஒவ்வொரு காலேஜோட டிரான்ஸ்கிரிப்டும் குடுக்கணும், ஸ்கூல்ல இருக்கும்போது எடுத்த காலேஜ் கிளாஸும் அதுல அடக்கம். திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய மார்க் போகாது, ரெண்டையும் சேத்துத்தான் ஜிபிஏ (சராசரி மார்க்) போடுவாங்க. யூசியில (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) சேந்த பசங்களுக்கு இன்னொரு குழப்பம், சம்மர்ல வெளிய கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்தா கிரெடிட் (பாடம் முடிச்ச கணக்கு) மட்டும்தான் யூசிக்கு போகும், கிரேடு யூசி ஜிபிஏல சேராது, அதனால சி வந்தா என்னன்னு அசால்ட்டா இருந்துடறாங்க, ஏஎம்சிஏஎஸ்காரங்க அந்த சி-யையும் எண்ணுவாங்க.

அப்புறம் எல்லா ஸ்கூலும் ஒரே மாதிரி ஏத்துக்கறதில்ல. சில மெடிக்கல் ஸ்கூல் சயின்ஸ் பாடத்த நாலு வருஷ யூனிவர்சிட்டியில எடுத்திருந்தா நல்லதுங்கும், சில நர்சிங், பிஏ (டாக்டருக்கு உதவியா வைத்தியம் பாக்கற ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட்) படிப்புல சயின்ஸ் பாடம் முடிச்சு 5 வருஷமோ 7 வருஷமோ தாண்டியிருந்தா செல்லாதும்பாங்க, சிலர் ஆன்லைன் லேப ஒத்துக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்தது நம்மளுக்கும் நடக்கும்னு இல்ல. அசிஸ்ட் வெப்சைட்ல பாத்துட்டேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், அது யூசிக்கும் கால்ஸ்டேட்டுக்கும் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) கிரெடிட் மாறுமான்னு பாக்கறதுக்குத்தான், பார்மசி ஸ்கூல் என்ன கேக்குதுன்னு அந்தந்த ஸ்கூல் பக்கத்துலதான் பாக்கணும்.

ஏப்ரல், மே வாக்குல சம்மர் ரெஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிச்சிடும். மொதல்ல முடிக்க வேண்டிய கீழ் கிளாஸ வேற காலேஜ்ல முடிச்சவங்க டிரான்ஸ்கிரிப்ட் குடுத்து கிளியர் பண்ணாம மேல் கிளாஸ்ல சேரவே முடியாது, அதுக்கு நாள் புடிக்கும், அதுக்குள்ள லேப் சீட்டெல்லாம் நெரம்பி வெயிட்லிஸ்ட்ல நிக்கணும். அதனால மார்ச்லயே என்ன பாடம் எடுக்கலாம்னு வழி சொல்ற ஒரு காலேஜ் கவுன்சிலர புடிச்சு பேட்டி எடுத்துப் போடுங்க சார், முழுப் பக்கமா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா