ஸ்கேன் செய்துவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கோப்புகளை எல்லாம் ஸ்கேன் பண்ணியாச்சு, இனிமேல் காகிதமே வேண்டாம் என்று பல நிறுவனங்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். பல வருஷம் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட எனக்கு அதைக் கேட்டால் பயம்தான் வருகிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் மூட்டை மூட்டையாக இருந்த கோப்புகளை ஆள் வைத்து ஸ்கேன் செய்தார்கள். மெஷின் போட்ட எண்ணையே ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயராக விட்டுவிட்டார்கள், எந்தப் பக்கம் எந்தக் கோப்பில் இருந்தது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அப்புறம் காகிதத்தையும் அரைக்க அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெறப்போகும் ஒருவருடைய பணிப்பதிவேடு தேவைப்பட்டபோது இரண்டு பேர் நாள்கணக்கில் தேடினோம். கிடைக்கவே இல்லை. மூட்டையில் இருந்த காலத்தில் பதிவேட்டில் ரேக் எண்ணைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

கோப்பின் பெயரில் 2019-03-14 என்று வருஷம், மாதம், நாள் வரிசையில் தேதியை முதலில் போட்டு, பிறகு பிரிவையும் விஷயத்தையும் எழுதினால் கணினியே அடுக்கிவிடும். நெடுங்காலம் வைக்க வேண்டியதை பிடிஎஃப்-ஏ என்ற, நெடுங்காலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப் வடிவில் சேமிக்கலாம். 2005-லேயே ஐஎஸ்ஓ தரமாக வந்த அதில் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருப்பதால், வேறு கணினியில் திறந்தாலும் எழுத்து உடையாது. இன்னொரு நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதும் தப்புதான். எதை எத்தனை வருஷம் வைப்பது, எதை நிரந்தரமாக வைப்பது என்று எழுத்தில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், அழித்தால் யார் அனுமதியில் எந்தத் தேதியில் அழித்தோம் என்ற குறிப்பும் வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி நிறைகிற அன்றைக்குக் கைக்கு வந்தது குப்பைக்குப் போகும். (வழவழப்பான தாளில் வரும் பில்லை வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் அதன் எழுத்து மங்கிப் போகும்.)

நிர்வாகிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். காகிதத்தை அரைக்க அனுப்பும் முன் பழைய பதிவேட்டிலிருந்து ஐம்பது கோப்புகளைக் குறித்து, ஸ்கேன் வேலையில் சேராத ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் தேடச் சொல்லுங்கள். ஐம்பதும் வந்தால் சரி, அனுப்புங்கள். ஒன்று வராவிட்டாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரெக்கார்டு ரூம் ஊழியர்